பட்டினி கிடக்காமலே பட்டினியின் பலனைத் தரும் மருந்து உண்டா?

சாப்பாட்டைக் குறைத்தால் உடலில் நடக்கும் மாற்றங்களை, குறைக்காமலே வரவழைக்கப் பார்க்கும் சேர்மங்கள் சில உண்டு. தீனியைக் குறைத்த எலிகள் அதிக நாள் வாழ்ந்ததை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1935-லேயே காட்டிவிட்டார்கள்.

ஏன் அப்படி? சம்பளம் வந்த வாரம் புதுசு புதுசாக வாங்குவோம். மாசக் கடைசியில்தான் பரணில் கிடக்கும் பழைய மிக்சி இறங்கும். கார்பன் பிரஷ் மாற்றி ஓட்டுவோம். செல்லும் அப்படித்தான். சத்து தாராளமாக இருந்தால் 'எம்டார்' என்ற புரதம் 'வளர், பெருகு' என்று விரட்டும். சத்து குறைந்தால் அது அடங்கும். செல் தன் பழுதான பாகங்களை உடைத்து மறுபடி பயன்படுத்தும்.

ராபமைசின் என்ற மருந்து எம்டாரை அடக்குகிறது. அதாவது, சம்பளம் வந்த சேதியையே செல்லிடம் மறைத்துவிடுகிறது! ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்த பாக்டீரியாவில் கிடைத்தது இது. தீவின் உள்ளூர்ப் பெயர் ராபா நூயி; மருந்தின் பெயர் வந்தது அதிலிருந்துதான். 2009-இல் வெளியான ஆய்வில், 600 நாள் வயதான கிழட்டுச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தும் ஆயுள் கூடியது. எனக்கு வியப்பே அந்த வயதுதான்.

சரி, மாத்திரையைப் போட்டுவிட்டுப் பிரியாணியை வெட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மனித ஆயுளை இது நீட்டும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. அதுபோக, சிறுநீரகம் மாற்றியவர்களின் உடல் புதுச் சிறுநீரகத்தை ஒதுக்காமலிருக்க, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கத் தரும் மருந்து இது.