கோய் உடம்பில் கட்டியும் மருவும்: வாசகர் கேள்விகள்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கோய், அதாவது ஜப்பானிய வண்ணக் கெண்டை மீன், உடம்பில் ஏதோ முளைத்திருக்கிறது, என்ன மருந்து ஊற்றலாம்? ஆடி மாதம். கோயில்களில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நேரம், நமக்கு இங்கே தென்னாப்பிரிக்காவில் நல்ல குளிர். வருடா வருடம் இதே வாரங்களில்தான் இந்தக் கேள்வி குவியும். ஏன் என்பது இரண்டாவது பதிலில் இருக்கிறது. ஷோவா, கோஹாகு, சான்கே என்று வருவதெல்லாம் கோயின் நிற வகைகள்.

என் ஷோவாவுக்கு வெள்ளையாக ஏதோ வந்திருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். அவசரமாக மருந்து பெயர் சொல்லவும். (பீனிக்ஸ்)

தம்பி, படத்தில் எனக்குத் தெரிவது தண்ணீரில் அடிக்கிற வெயில்தான். வெள்ளை என்றால் எந்த வெள்ளை? உப்புத்தூள் மாதிரிப் புள்ளியா, பஞ்சா, மெழுகா, தோலே வெளுத்திருக்கிறதா? நான்கும் நான்கு விதமான நோய். தண்ணீர் எத்தனை டிகிரி? குளம் எத்தனை லிட்டர்? தண்ணீரில் அம்மோனியா அளவு பார்த்தீர்களா? கடைசியாகப் புது மீன் எப்போது விட்டீர்கள்? இதெல்லாம் இல்லாமல் மருந்துப் பெயர் கேட்டால் நான் சொல்ல மாட்டேன். மீனை அகலமான பேசினில் எடுத்து, நிழலில் வைத்து, பக்கவாட்டில் ஒரு படம், மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அதுவரை குளத்தில் எதையும் ஊற்றாதீர்கள்.

எங்கள் கோஹாகுவின் வாலிலும் முதுகுத் துடுப்பிலும் மெழுகுவர்த்தி உருகிச் சொட்டினது போல வழவழப்பான கட்டிகள். மீன் மற்றபடி நன்றாக இருக்கிறது. தண்ணீர் 10 டிகிரி. கடையில் லிம்போசிஸ்டிஸ் என்று சொல்லி ஒரு புட்டி மருந்து கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் பிளேடால் சீவிவிட்டு அயோடின் வைக்கச் சொல்கிறார். எதைச் செய்வது? (லெனேசியா)

இரண்டையும் செய்யாதீர்கள். வெப்பநிலையை எழுதியதற்கு நன்றி. பாதி நோய் அதிலேயே தெரிந்துவிட்டது.

முதலில் லிம்போசிஸ்டிஸ். அது கோய்க்கு வருவதில்லை. கெண்டைக் குடும்பத்து மீன்களை அந்த வைரஸ் பிடிப்பதில்லை. கடல் மீன்களிலும் சில வெப்பமண்டல நன்னீர் மீன்களிலும் வருவது அது. பூக்கோசுத் துண்டு மாதிரிக் கரடுமுரடாக இருக்கும். கோய் வளர்க்கிறவருக்கு லிம்போசிஸ்டிஸ் மருந்து விற்பதை நான் பல வருடமாகப் பார்க்கிறேன், பல வருடமாகச் சொல்கிறேன்.

உங்கள் மீனுக்கு வந்திருப்பது கார்ப் பாக்ஸ். பாக்ஸ் என்றதும் அம்மை என்று பயந்து விடாதீர்கள். இது அம்மை வைரஸே இல்லை, ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டிலேயே கெண்டை வளர்த்தவர்கள் இதைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கு உதட்டோரம் வருகிற கொப்புளம் போல, இந்த வைரஸ் ஒரு தடவை உள்ளே போனால் வெளியே போகாது. தண்ணீர் குளிர்ந்து மீனின் எதிர்ப்புச் சக்தி மந்தமாகும்போது தோல் செல்கள் தடித்து மெழுகாக மேலே வரும். வெயில் காலம் வந்து தண்ணீர் 20 டிகிரி தாண்டி நிலைத்ததும் சுருங்கும், உதிரும். அதனால்தான் ஆடியில் கடிதம் குவிகிறது, புரட்டாசியில் நிற்கிறது. ஜோஹானஸ்பர்க் பக்கம் டர்பனைவிடக் குளிர் கடுமை. ஆகவே அங்கிருந்து வருகிற கடிதங்களும் அதிகம்.

இதற்கு மருந்து கிடையாது. வைரஸை உப்பு கொல்லாது, பச்சை மருந்து (மாலகைட் கிரீன்) கொல்லாது, ஆன்டிபயாடிக் கொல்லாது. ஊற்றினால் செத்துப்போவது உங்கள் பில்டரில் அம்மோனியாவைத் தின்கிற நல்ல பாக்டீரியாதான். பிறகு அம்மோனியா ஏறும், மெழுகோடு சும்மா இருந்த மீன் அதற்கப்புறம்தான் நிஜமாகவே நோயாளி ஆகும்.

அப்புறம் பிளேடு. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். இருபது வருடம் இருக்கும். ஒரு சான்கே, அரை மீட்டர் நீளம், இடது மார்புத் துடுப்பில் சின்ன விரல் நகம் அளவு மெழுகு. ஈரத் துணியில் மீனைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் நெம்பினேன். மெழுகு மாதிரியே பெயர்ந்து வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அடியில் இளஞ்சிவப்பாகப் பச்சைத் தோல், அதன்மேல் ஊசிமுனை அளவில் நாலைந்து ரத்தப் புள்ளிகள். குளம் அப்போது 13 டிகிரி. அந்தக் குளிரில் மீனுக்குப் புண் ஆறுவதில்லை, ஆனால் ஏரோமோனாஸ் பாக்டீரியா தாராளமாக வளரும். பத்து நாளில் துடுப்பின் முள் வெளியே தெரிந்தது. ஒரு மாதத்தில் துடுப்பின் அடிவரை புண் போனது. மீன் போய்விட்டது. அதே குளத்தில் நான் தொடாமல் விட்ட இன்னொரு மீனுக்கும் மெழுகு இருந்தது. அக்டோபரில் பார்த்தால் வால் கண்ணாடி மாதிரி இருந்தது.

சீவினாலும் அந்த இடத்திலேயே திரும்ப வளரும். வைரஸ் மெழுகில் மட்டும் இல்லை, மீனுக்குள் இருக்கிறது. ஆகவே பிளேடு, நகவெட்டி, சூட்டுக்கோல் எதுவும் வேண்டாம். வாயை மறைத்து, சாப்பிட முடியாத அளவுக்குக் கட்டி வளர்ந்தால் மட்டும் மீனைத் தெரிந்த கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து எடுக்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தண்ணீரைச் சுத்தமாக வையுங்கள், குளத்தில் நெரிசல் வேண்டாம். ஹீட்டர் வசதி இருந்தால் நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் ஏற்றாமல் 20க்கு மேல் கொண்டு போய், அங்கேயே நிறுத்துங்கள். மின்சாரம் போனால் சூடு சட்டென்று இறங்கும். அதைச் சமாளிக்க வழி இல்லாதவர் ஹீட்டரைத் தொடவே வேண்டாம். காத்திருங்கள்.

ஒரு மீனுக்கு மட்டும் செவுள்மூடியிலும் மார்புத் துடுப்பின் முன் ஓரத்திலும் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். தொட்டால் சொரசொரப்பு. இக் என்கிற வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி நோயா? (டோங்காட்)

இல்லை. அது ஆண் மீன். இனப்பெருக்கக் காலத்து முளைகள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், தானே போய்விடும். இக் என்றால் உடம்பு முழுக்கத் தாறுமாறாக வரும், ஒரு மீனோடு நிற்காது, மீன் சுவரில் உரசும்.

கோஹாகுவின் சிவப்புத் திட்டில் மட்டும் தோல் தடித்து, பழுப்பு மஞ்சளாக மேலே எழும்பியிருக்கிறது. வெள்ளைப் பகுதி சுத்தம். இதுவும் பாக்ஸா? (வெருலம்)

நல்ல கேள்வி, நன்றாகவும் பார்த்திருக்கிறீர்கள். சிவப்பை மட்டும் பிடித்து வெள்ளையின் எல்லையில் நிற்கிறது என்றால் அது ஹிகுயி. ஜப்பானியர் வைத்த பெயர், சிவப்பைத் தின்பது என்று பொருள். நிற செல்களில் வருகிற கட்டி வகை, தொற்று நோய் இல்லை. பாக்ஸ் நிறம் பார்க்காது, குளிர் விட்டால் போய்விடும். ஹிகுயி கோடையிலும் இருக்கும். குளத்துக்கு மேல் நிழல்வலை கட்டுங்கள், நம் ஊர் வெயில் சிவப்பு மீன்களுக்கு ரொம்பவே அதிகம். சின்னதாக இருக்கும்போதே அனுபவமுள்ள கால்நடை மருத்துவரிடம் காட்டினால் சுரண்டி எடுக்கலாமா என்று அவர் சொல்வார். நீங்களே எடுக்காதீர்கள், மேலே சொன்ன கதை இங்கேயும் பொருந்தும்.

பக்கவாட்டில் செதிலுக்கு அடியில் ஒரு புடைப்பு. மூன்று வாரமாக வளர்ந்து, நேற்று வெடித்து, உள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக நூல் மாதிரி வந்தது. புழுவா? (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

புழு மாதிரித்தான் தெரியும். டெர்மோசிஸ்டிடியம் என்ற ஒட்டுண்ணி அது. நான் முதல் தடவை பார்த்தபோது, சிவந்த பளபளப்பான புடைப்புக்குள் யாரோ இடியாப்பச் சிக்கலைத் திணித்து வைத்தது போல இருந்தது. ஒரு இழையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் புழுவின் குடலும் இல்லை, வாயும் இல்லை. உள்ளே முழுக்க உருண்டை உருண்டையாக வித்துகள், ஒவ்வொன்றிலும் பெரிய பளிச்சென்ற ஒரு குமிழ். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகம் இருக்காது.

வெடித்தது நல்லதுதான், பெரும்பாலும் புண் ஆறிவிடும். ஆனால் வெடித்தது குளத்திலா, தனித்தொட்டியிலா? குளத்தில் என்றால் வித்துகள் குளத்தில். அடுத்த தடவை புடைப்பு மெல்லியதாகி நுனி வெளுக்கும்போதே மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றுங்கள். இப்போது அந்த மீனை 0.3 சதவீத உப்பில் வையுங்கள், 1,000 லிட்டருக்கு 3 கிலோ, ஒரே நாளில் போடாமல் மூன்று தவணையாக. அயோடின் கலக்காத கல்லுப்பு போதும். பில்டரில் ஜியோலைட் இருந்தால் முதலில் வெளியே எடுங்கள், உப்பு பட்டால் அது பிடித்து வைத்த அம்மோனியாவை விட்டுவிடும்.

முதுகில் குச்சி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. இழுத்தேன், பாதி வந்தது. (இசிபிங்கோ)

நங்கூரப் புழு. மீதிப் பாதியும் நங்கூரமும் தசைக்குள் இருக்கின்றன. தோலை ஒட்டிச் சின்ன இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுத்திருக்க வேண்டும். புண்ணில் கிருமிநாசினி வைத்து, சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருங்கள். ஒன்று தெரிந்தால் குளத்தில் அந்தப் புழுவின் குஞ்சுகள் நிறைய நீந்துகின்றன என்று அர்த்தம். தனி மீனை அல்ல, குளத்தையே வைத்தியம் பார்க்க வேண்டும். முட்டைகள் பிறகும் பொரிக்கும், ஒரு தடவை மருந்து போதாது. குளம் எத்தனை லிட்டர் என்று நீங்களும் எழுதவில்லை. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 1,000ஆல் பெருக்குங்கள். உத்தேசமாக மருந்து ஊற்றக் கூடாது.

புண்ணின் மேல் பஞ்சு மாதிரி பூஞ்சணம் வளர்ந்திருக்கிறது. பூஞ்சண மருந்து போதுமா? (ஸ்டாங்கர்)

போதாது. பூஞ்சணம் செத்த தோலில்தான் உட்காரும். முதலில் வந்தது புண். அது ஏன் வந்தது என்று பாருங்கள், தண்ணீரைச் சோதியுங்கள், தோல் சளியை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். மார்புத் துடுப்புக்குப் பின்னால், தலையிலிருந்து வால் பக்கமாகக் கண்ணாடித் தகட்டின் ஓரத்தால் மென்மையாக ஒரு தடவு தடவி, ஒரு சொட்டுக் குளத்துத் தண்ணீர் விட்டு, சில நிமிடத்துக்குள் பாருங்கள். தாமதித்தால் ஒட்டுண்ணிகள் செத்து அசையாமல் போகும், ஒன்றும் இல்லை என்று ஏமாந்துவிடுவீர்கள்.

பாக்ஸ் இருக்கும் ஒரு மீனை நல்ல விலையில் தருகிறார்கள். வாங்கலாமா? இது கேஹெச்வியாக (கோய் ஹெர்பிஸ் வைரஸ்) மாறுமா? (சாட்ஸ்வொர்த்)

மாறாது. இரண்டும் ஒரே குடும்பத்தில் வேறு வேறு வைரஸ்கள். கேஹெச்வி 1998இல் பெரிய அளவில் மீன்களைக் கொன்றபோது வெளியே தெரிய வந்தது. கட்டி எதுவும் வராது, செவுள் திட்டுத் திட்டாக வெளுக்கும், கண் உள்ளே போகும், தண்ணீர் 16 முதல் 28 டிகிரிக்குள் இருக்கும்போது சில நாளில் குளமே காலியாகும். பாக்ஸ் மீனை வாங்கினால் உங்கள் மற்ற மீன்களுக்கும் அந்த வைரஸ் போகும், வருடா வருடம் குளிரில் மெழுகு பார்ப்பீர்கள். நான் வாங்க மாட்டேன்.

எந்த மீன் வாங்கினாலும், யாரிடம் வாங்கினாலும், குறைந்தது ஆறு வாரம் தனித்தொட்டி. அதில் சில வாரமாவது தண்ணீர் 22 முதல் 25 டிகிரி இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் ஆறு மாதம் வைத்தாலும் கேஹெச்வி ஒளிந்துகொண்டு இருக்கும். வலையும் வாளியும்கூடத் தனி.

வயிறு ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருக்கிறது. முட்டையா? (பீனிக்ஸ்)

முட்டை இரு பக்கமும் நிறைக்கும். ஒரு பக்கம் என்றால், வயதான மீனாக இருந்தால், சினைப்பையில் கட்டி இருக்கலாம். மருத்துவரிடம் ஸ்கேன் பாருங்கள், சில சமயம் அறுவை செய்து காப்பாற்ற முடியும். செதில்கள் சிலிர்த்து அன்னாசி மாதிரி நின்றால் அது வேறு, உள்ளே நீர் கோர்க்கிறது. அன்றைக்கே தனித்தொட்டிக்கு மாற்றுங்கள்.

மீனைத் தொட்ட பிறகு என் விரலில் ஒரு சின்னக் கட்டி, இரண்டு மாதமாக ஆறவில்லை. பாக்ஸ் எனக்கு ஒட்டிக்கொண்டதா? (லெனேசியா)

அம்மா, கார்ப் பாக்ஸ் மனிதருக்கு வராது. ஆனால் தயவுசெய்து இந்த வாரமே டாக்டரிடம் போங்கள், நான் மீன் வளர்க்கிறேன் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மீன் தண்ணீரில் இருக்கிற மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி, விரலில் இருக்கும் சின்ன வெட்டு வழியாக உள்ளே போனால் இப்படித்தான் ஆறாமல் நிற்கும். சரியான மருந்து தந்தால் குணமாகும், ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். மீன் என்று சொல்லாவிட்டால் டாக்டருக்கு அந்த யோசனை வராமல் போகலாம். கையில் கீறல் இருக்கும்போது கையுறை இல்லாமல் பில்டரைக் கழுவாதீர்கள்.

மூக்குத் துவாரத்தின் மேல் இரண்டு பக்கமும் சதை மாதிரி தொங்குகிறது. வெட்டலாமா? (வெருலம்)

அது அந்த மீனின் மூக்கு மடல். சில கோய்க்குப் பெரிதாக இருக்கும். வெட்டாதீர்கள்.