புள்ளிமான்களை விலக்க வீட்டிலேயே தயாரிக்கும் விரட்டிக் கரைசல்

கேள்வி: திருவண்ணாமலை அருகே காப்புக்காட்டை ஒட்டிய எங்கள் தோட்டத்தில் அவரை, செம்பருத்தி, ரோஜா ஆகியவற்றின் கொழுந்துகளை இரவில் மான்கள் மேய்ந்துவிடுகின்றன. செலவின்றி விரட்ட வழி உண்டா?

பதில்: முதலில் மேய்வது மான்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மானுக்கு மேல் தாடையில் முன்பற்கள் இல்லாததால் கொழுந்தைக் கடித்து இழுத்துப் பிய்க்கும். எனவே தண்டின் நுனி நார்நாராகக் கிழிந்திருக்கும். முயல் கடித்த தண்டு கத்தியால் சீவியதுபோல் சாய்வாக இருக்கும். ஆட்டின் கடியும் மானின் கடியைப் போன்றதே என்பதால், பக்கத்து வீட்டு ஆடுகளின் மீதும் ஒரு கண் இருக்கட்டும்.

நான் முதலில் பரிந்துரைப்பது முட்டைக் கரைசலையே. அழுகிய முட்டையிலிருந்து எழும் கந்தக வாடை, இறைச்சி தின்னும் விலங்கு அருகில் இருப்பதாக மானுக்கு உணர்த்துவதால், அது செடியில் வாய் வைக்கும் முன்பே ஒதுங்கிவிடுகிறது. மிளகாயின் காரமோ ஒரு வாய் கடித்த பிறகே உறைக்கும் என்பதால் அது துணைப்பொருள் மட்டுமே. அடைகாத்துப் பொரியாத கூமுட்டை கிடைத்தால் நல்லது. இல்லையெனில் சாதாரண முட்டையே போதும். பத்து லிட்டர் கரைசலுக்குப் பத்து முட்டைகளை உடைத்து ஊற்றி, ஒரு கைப்பிடி பூண்டை அரைத்துச் சேர்த்து, இரண்டு கரண்டி மிளகாய்த்தூளும் இட்டு, இரண்டு லிட்டர் நீரில் கலக்கிப் பிளாஸ்டிக் வாளியில் நிழலில் மூன்று நாள் வையுங்கள். வாயு வெளியேற வேண்டியிருப்பதால் வாளியை இறுக மூடாமல் துணியால் கட்டுவதே சரி. பிறகு பழைய வேட்டித் துணியில் இருமுறை வடிகட்டுங்கள்; முட்டையின் வெள்ளைச் சவ்வு சிறிது தங்கினாலும் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும். மீதி நீரையும், இலையில் ஒட்டுவதற்காகச் சிறிது காதி சோப்புக் கரைசலையும் சேர்த்து, முதலில் இரண்டு மூன்று இலைகளில் தெளித்து மறுநாள் கருகல் இல்லையென்று பார்த்த பின், மாலையில் செடி முழுவதும் தெளிக்கலாம். கையுறை அணிவதும் முகத்தைத் துணியால் மூடிக்கொள்வதும் அவசியம்.

புதிதாக விடும் கொழுந்தில் மருந்து இராது என்பதால் வாரம் ஒருமுறையும், மழை பெய்தால் மறுநாளும் தெளிக்க வேண்டும். அவரை காய்க்கத் தொடங்கியதும் செடியில் தெளிப்பதை நிறுத்தி, கரைசலில் நனைத்த துணிகளை வேலியில் மானின் மூக்குயரத்திற்குக் கட்டுங்கள். கடுங்கோடையில் பசி மிகுந்தால் மான் வாடையைப் பொருட்படுத்தாது. அப்போது எட்டடி உயர வேலிதான் கைகொடுக்கும். தளர்வாகத் தொங்கும் வலையில் கொம்பு சிக்கி ஆண்மான்கள் இறப்பதுண்டு. ஆகவே வலை கட்டினால் விறைப்பாகக் கட்டுங்கள்.

குருணை வடிவப் பூச்சிக்கொல்லி மருந்தை மூட்டையாகக் கட்டித் தொங்கவிடுவது வேண்டவே வேண்டாம். அதற்குப் பலர் பயன்படுத்திய போரேட் தடை செய்யப்பட்டுள்ளது. சுருக்குக் கம்பி வைப்பதும் வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கில் முடியும். சேதம் பெரிதானால், மேய்ந்த செடிகளை அகற்றும் முன் படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.