திரையின் மூலையில் சாம்பல் நிழல்: துடைத்தால் போகுமா?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் போட்டோகொப்பி, தட்டச்சு, பாஸ்போர்ட் அளவுப் படம் எல்லாம் செய்து கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். நாலு வருடத்துக்கு முன் பாவித்த 27 அங்குல ஆல்-இன்-வன் (திரைக்குப் பின்னாலேயே முழுக் கணினியும் அடங்கிய வகை) கணினி ஒன்று வாங்கினேன். போன வருடத்திலிருந்து திரையின் கீழ் மூலை இரண்டிலும் சாம்பல் நிறத்தில் நிழல் விழுந்த மாதிரி ஒரு கறை. துடைத்தால் போகவில்லை. வெள்ளைப் பின்னணியில் படம் திறந்தால், வந்தவர்கள் தங்கள் படத்தில்தான் ஊத்தை என்று நினைக்கிறார்கள். டயர் கடையில் காற்று அடித்தால் போய்விடும் என்கிறார் ஒருவர். முன்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கலாம் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பதில்: டயர் கடைப் பக்கம் தயவுசெய்து போக வேண்டாம். அங்குள்ள கம்பிரசரில் வருவது வெறும் காற்றல்ல. தாங்கிக்குள் தேங்கிய தண்ணீரும் பம்பின் எண்ணெய்த் துளிகளும் சேர்ந்துதான் குழாயால் வரும். அழுத்தமும் 100 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். அந்த வேகத்தில் விளிம்பில் இருக்கும் தூசி வெளியே வராது, திரையின் தாள்களுக்கு நடுவே இன்னும் உள்ளே போய் உட்காரும். எண்ணெய் பட்ட தூசியைப் பிறகு யாராலும் எடுக்க முடியாது.

கண்ணாடியைக் கழற்றலாமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. தூசி எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. முதலில் அதைக் கண்டுபிடிப்போம். இதற்கு ஒரு டோர்ச்சும் பத்து நிமிடமும் போதும்.

கணினியை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, டோர்ச்சைத் திரையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் சரித்துப் பிடியுங்கள். நிறுத்திய திரையிலும் புள்ளிகளோ படலமோ மின்னினால் தூசி முன்பக்கத்தில் இருக்கிறது: கண்ணாடியின் வெளியிலோ, கண்ணாடிக்கும், படத்தைக் காட்டும் எல்சிடி தகட்டுக்கும் இடையிலோ. வெளியே என்றால் துணி பட்டதும் போய்விடும். இடையில் என்றால், தலையை இடமும் வலமும் ஆட்டிப் பார்க்கும்போது புள்ளி படத்தின் மேலே மிதந்து நகர்வது போல் தெரியும்.

டோர்ச் வெளிச்சத்தில் திரை சுத்தமாகத் தெரிகிறது, ஆனால் கணினியைப் போட்டு வெள்ளைப் பக்கம் திறந்ததும் கறை வருகிறது என்றால் தூசி எல்சிடிக்குப் பின்னால், வெளிச்சம் வரும் பகுதிக்குள் போய்விட்டது. அதன் ஓரம் கூர்மையாக இருக்காது, மங்கிக் கரையும். நீங்கள் 'நிழல் மாதிரி' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது இந்த வகை என்றே படுகிறது. இருந்தாலும் டோர்ச் பிடித்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஒரு புள்ளி மட்டும், ஊசியால் குத்தியது போல் சதுரமாகக் கறுத்திருந்தால் அது தூசியல்ல, செத்த பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகளில் வேலை செய்யாத ஒன்று. கீழ் விளிம்பிலிருந்து விசிறி விரித்த மாதிரி இருள் மேலே போனால் திரைக்கு வெளிச்சம் தரும் எல்இடி விளக்கு ஒன்று எரியவில்லை. கறையைச் சுற்றி கோடு கட்டியது போல வளையம் இருந்தால் எப்போதோ தண்ணீர் போயிருக்கிறது.

இனி அது எப்படி உள்ளே போனது என்று பார்ப்போம். எல்சிடி தகட்டுக்குத் தானாக ஒளி கிடையாது. அதன் பின்னால் பிரிசம் தாளும் ஒளியைப் பரப்பும் தாளுமாக இரண்டு மூன்று மெல்லிய தாள்கள், அதற்கும் பின்னால் சில மில்லிமீற்றர் தடிப்பில் தெளிந்த அக்ரிலிக் தகடு, கடைசியில் வெள்ளைப் பிரதிபலிப்புத் தாள். பெரும்பாலான திரைகளில் எல்இடி பட்டை ஒரு விளிம்பில்தான் இருக்கும். அது அக்ரிலிக்குள் ஒளியைச் செலுத்த, தாள்கள் அதைத் திரை முழுக்கப் பரப்பும். இந்தத் தாள்கள் ஒட்டப்பட்டவை அல்ல, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பவை. ஆகவே இடைவெளி உண்டு.

ஆல்-இன்-வன்னில் மதர்போர்ட்டும் விசிறியும் இந்த அடுக்கின் முதுகோடு ஒட்டி இருக்கின்றன. விசிறி சூட்டைப் பின்னால் தள்ளும்போது உள்ளே காற்று குறையும். அந்தக் குறைவை நிரப்பக் கீழ் விளிம்பின் துளைகளால் மட்டுமல்ல, எங்கே இடுக்கு கிடைத்தாலும் அங்கிருந்தெல்லாம் காற்று வரும். திரையின் ஓரத்தில் ஒட்டிய ஸ்பொஞ்ச் பட்டி வருடக்கணக்கில் சூடு பட்டுச் சுருங்கினால் அதுவும் ஒரு வழி. கணினி வேலை செய்யும்போது சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரியும், இரவில் நிறுத்தினால் ஆறிச் சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். தினமும் ஒரு மூச்சு. அதனால்தான் கறை பெரும்பாலும் மூலைகளில் தொடங்குகிறது.

உங்கள் இடம் இதற்கு மிகவும் தோதானது. கல்லடிக்கு ஒருபுறம் வாவி, மறுபுறம் கடல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நிலப்பக்கத்திலிருந்து உலர்ந்த மண் தூசி வரும். பின்னேரம் கடற்காற்று உப்பைக் கொண்டு வரும். உப்பு காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரைந்து பிசுபிசுப்பாகிவிடும். நம் கரையில் இரவில் அந்த அளவு ஈரம் சாதாரணம். அந்தப் பிசுபிசுப்பில் மண் தூசி ஒட்டும், மறுநாள் சூட்டில் காய்ந்து கெட்டியாகும். அதனால்தான் உங்கள் திரையில் தனித்தனிப் புள்ளி தெரியாமல் நிழல் தெரிகிறது.

கடைக்கென்று இன்னும் இரண்டு சங்கதி உண்டு. போட்டோகொப்பி மெஷினின் டோனர் தூள் 5 முதல் 10 மைக்ரோமீற்றர் அளவுள்ள பிளாஸ்ரிக் துகள், எதிலும் ஒட்டும் குணம் அதற்கு இயல்பு. நுளம்புத்திரி, ஊதுபத்தி, சாம்பிராணிப் புகையில் உள்ள துகள் அதைவிட மிகச் சிறியது. எந்த வலையும் அதைத் தடுக்காது. கவுண்டருக்குக் கீழே நுளம்புத்திரி கொளுத்தி வைத்துவிட்டுத் திரையை மட்டும் துடைத்துக்கொண்டிருப்பதில் பிரயோசனமில்லை. (சம்மாந்துறையில் அரிசி ஆலை அலுவலகத்துக்கு உமித்தூசி, மருதமுனையில் நெசவுக் கூடத்துக்குப் பஞ்சு என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும், வேலை ஒன்றுதான்.)

முன்கண்ணாடி தனியாகக் கழன்று வரும் கணினிகளும் உண்டு. 2009 முதல் 2011 வரை வந்த ஆப்பிளின் ஐமேக்குகளில் கண்ணாடி காந்தத்தால்தான் பிடித்து நிற்கிறது. 2012 கடைசியிலிருந்து வந்தவற்றில் கண்ணாடியும் எல்சிடியும் ஒன்றாக ஒட்டப்பட்டு, சட்டத்தோடு இரட்டைப் பசை நாடாவால் பொருத்தப்பட்டிருக்கின்றன. உங்களுடைய கணினியின் பெயரைக் குறிப்பிடவில்லை. காந்த வகையாக இருந்து, தூசியும் கண்ணாடிக்கு அடியில்தான் என்று டோர்ச் காட்டினால் நீங்களே செய்யலாம்.

கச்சான் காலத்தில் திறக்காதீர்கள். காற்று உலர்ந்தால் நிலைமின் கூடும், துடைக்கத் துடைக்கத் தூசி ஒட்டும். மழை பெய்து விட்ட ஒரு காலையைத் தேர்ந்தெடுங்கள். கடையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள், கூரை விசிறியை நிறுத்துங்கள், காற்றில் மெல்லியதாகத் தண்ணீர் தெளித்து 20 நிமிடம் விடுங்கள், மிதக்கும் தூசி இறங்கிவிடும். பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ரப்பர் உறிஞ்சிகள் இரண்டைக் கண்ணாடியின் மேல் மூலைகளில் ஒட்டி, நேராக உங்கள் பக்கம் இழுத்தால் மேல் விளிம்பு விடும். பிறகு சற்றுத் தூக்கி எடுக்கலாம். கண்ணாடியைத் தடித்த துவாய் மேல் வையுங்கள். வெறும் மேசையில் ஓரம் தட்டினால் முடிந்தது.

கழற்றியதும் தெரியும் எல்சிடியை முதலில் துணியால் தொடாதீர்கள். மண்துகள் ஒன்று இருந்தாலும் நீளக் கீறல் விழும். கமராக் கடையில் கிடைக்கும் ரப்பர் ஊதியால் மேலிருந்து கீழாக ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படும். பிறகு புதிய மைக்ரோஃபைபர் துணியை, பட்டரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, ஒரே திசையில் இழுங்கள். வாங்கும்போது தண்ணீரா அசிட்டா என்று போத்தலைப் பார்த்து வாங்குங்கள், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளைக் கோடு விடும். கண்ணாடிக் கிளீனரையும் அல்கஹோலையும் எல்சிடியில் பாவிக்காதீர்கள். மூடுவதற்கு முன் டோர்ச்சைச் சரித்து ஒருமுறை பாருங்கள். அப்போது தெரியும் நாலைந்து துகளை ஊதியால் எடுத்துவிட்டு மூடுங்கள்.

தூசி பின் அடுக்கில் என்றால் எங்கள் கருத்து வேறு: நீங்களாகத் திறக்க வேண்டாம். பசை நாடாவை அறுத்துத் திரையைத் தூக்குவது பாதி வேலை கூட அல்ல. தூக்கினால் திரையின் முதுகுதான் தெரியும், கறை இன்னும் உள்ளே இருக்கும். 'திறந்து கிளீன் பண்ணினோம்' என்று சொல்லித் தந்த கணினியில் கறை அப்படியே நிற்பதற்குக் காரணம் இதுதான். கறையைத் தொட வேண்டுமானால் திரையையே பிரித்து எல்சிடி தகட்டைத் தாள்களிலிருந்து விலக்க வேண்டும். தகட்டின் விளிம்பில் கடதாசி போன்ற மெல்லிய இணைப்புகள் இருக்கின்றன. ஒன்று மடிந்து முறிந்தால் திரையில் நிரந்தரக் கோடு விழும், இல்லாவிட்டால் திரையே போய்விடும். பிரிசம் தாளில் விரல் பட்டால் அந்த ரேகை வெள்ளைப் பக்கத்தில் தெரிந்துகொண்டே இருக்கும், துடைத்தால் கீறல் சேரும். தாள்களின் வரிசையோ பக்கமோ மாறினால் வெளிச்சம் சீராக வராது.

யாரிடமாவது கொடுப்பதென்றால் மூன்று கேள்வி கேளுங்கள். திரையின் உள் அடுக்கைப் பிரிப்பீர்களா, கணினியை மட்டும் திறப்பீர்களா? மூடும்போது புதிய பசை நாடா போடுவீர்களா? வேலையில் திரை உடைந்தால் யார் பொறுப்பு? பழைய நாடாவையே அமுக்கி ஒட்டினால் கனமான அந்தக் கண்ணாடி சில மாதத்தில் ஒரு பக்கம் விடும், விட்ட இடத்தால் இரண்டு மடங்கு தூசி போகும். மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள்.

முழுத் திரையை மாற்றலாம். ஆனால் பாவித்ததாக வாங்கி நாலு வருடம் ஆன கணினிக்கு அந்தச் செலவு தேவையா என்று யோசியுங்கள். கணினியில் எச்டிஎம்ஐயோ டிஸ்பிளே போர்ட்டோ வெளியே படம் கொடுக்கும் வகையில் இருந்தால், 22 அல்லது 24 அங்குலத் தனி மொனிட்டர் ஒன்றை இணைத்துப் படம் திருத்தும் வேலையை அதில் செய்யுங்கள். சில மாடல்களில் உள்ள எச்டிஎம்ஐ வெளியிலிருந்து படம் வாங்க மட்டும்தான், அதைக் கவனித்து வாங்குங்கள். பழைய திரை தட்டச்சுக்குப் போதும், கறை எழுத்தை மறைக்காது. நாங்கள் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் செய்வோம்.

இருக்கும் கறை வளராமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது. கணினியைச் சுவரிலிருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளி, 5 சென்ரிமீற்றர் உயரமான பலகை மேல் வையுங்கள். காற்றை இழுக்கும் துளை கீழே இருப்பதால் மேசைத் தூசிதான் முதலில் ஏறும். போட்டோகொப்பி மெஷினிலிருந்து குறைந்தது 2 மீற்றர் தள்ளி, அதன் காற்று வெளிவரும் பக்கத்தை விட்டு வையுங்கள். கொட்டிய டோனரை ஒருபோதும் கூட்டவோ ஊதவோ வேண்டாம், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். மாதம் ஒருமுறை கணினியை நிறுத்தி, பாவிக்காத ஓர் அங்குலப் பெயின்ட் பிரஷ்ஷால் துளைகளை வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். துளையில் வலைத்துணி ஒட்டுவது இங்கே சிலருக்குப் பழக்கம். அது காற்றையும் தடுக்கும், கணினி சூடேறி வேகம் குறையும். ஒட்டுவதென்றால் வாரம் ஒருமுறை கழுவ வேண்டும், அதற்கு மனமில்லை என்றால் ஒட்டாதீர்கள்.

இரவில் மூடுவதற்குப் பருத்தித் துணி நல்லது, பொலித்தீன் ஈரத்தைப் பிடித்து வைக்கும். நிறுத்தியதும் மூடாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஸ்லீப்பில் விட்டு மூடினால் சூடு உள்ளேயே நிற்கும்.

வளர்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, பழகிவிடும். திரை முழுக்க ஒரே சாம்பல் நிறப் படத்தைப் போட்டு, ஒரு மீற்றர் தூரத்தில் ஒரே இடத்திலிருந்து, மாதத்தின் முதல் நாள் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மூன்று படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அறுவடைக் காலத்தில் வெளிச்சத்துக்கு வரும் குறுணிப் பூச்சி ஒன்று திரைக்குள் புகுந்து ஊர்வதைக் கண்டால் விரலால் அமுக்கிவிடாதீர்கள். நசுங்கினால் அந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கணினியை நிறுத்தி அறையை இருட்டாக்கி, கீழ் விளிம்புக்கு அருகே ஒரு சின்ன விளக்கை எரியவிட்டால் பல தடவை அது வந்த வழியே வெளியேறிவிடும்.