நாகையில் கப்பல் ஏறும் முன்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலைப் பற்றித்தான். அவற்றை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கே: "காலையில் யாழ்ப்பாணம், இரவு வீடு" என்று ஒரு முகவர் வாட்ஸ்அப்பில் போஸ்டர் அனுப்பினார். எங்கள் மகளிர் குழுவில் நாலு பேர் நவம்பருக்கு முழுப்பணமும் ஜிபேயில் கட்டினோம். கப்பல் போகவில்லை. இயற்கைச் சீற்றம், பணம் திரும்பாது என்கிறார். ரசீது இல்லை. — வாசகி, திருத்துறைப்பூண்டி

ப: அம்மா, உங்களிடம் விற்றது நடக்கவே முடியாத பயணம். கப்பல் காலையில் நாகையை விட்டால் காங்கேசன்துறை சேர நாலு மணி நேரம் ஆகும், அதே கப்பல் அன்று மதியமே திரும்பிவிடும். நடுவில் இமிகிரேஷன், சுங்கம் என்று வரிசையில் நின்று வெளியே வருவதற்குள் திரும்பி ஏறும் நேரம் வந்துவிடும். யாழ்ப்பாண நகரம் அங்கிருந்து கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். ஒரு ராத்திரியாவது தங்காமல் நல்லூர் கோயிலும் இல்லை, யாழ்ப்பாணக் கோட்டையும் இல்லை.

அப்புறம் அந்த "இயற்கைச் சீற்றம்". 2023 அக்டோபர் 14-ல் செரியபாணி கப்பல் ஓடத் தொடங்கி சில நாளிலேயே நின்றது. 2024 ஆகஸ்ட் 16-ல் சிவகங்கை கப்பல் வந்தது, அதுவும் வடகிழக்குப் பருவமழையில் நிறுத்தப்பட்டது. ஐப்பசி, கார்த்திகையில் கடல் எப்படி இருக்கும் என்று நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துதான் நவம்பருக்கு முழுப்பணம் வாங்கியிருக்கிறார்.

ரசீது விஷயத்தை விட எனக்கு மனசே வரவில்லை. டிக்கெட் எவ்வளவு, வண்டி எவ்வளவு, தங்கல் எவ்வளவு என்று பிரிக்காமல் 'பேக்கேஜ்' என்று ஒரே தொகை சொல்வார்கள், கேட்டால் "நம்ம ஊரு ஆளுதானே, பில் எதுக்கு" என்பார்கள். திருவாரூரில் ஒரு கடையில் இதே பேச்சோடு எனக்கு ஒரு பயணப்பையை விற்றார்கள். முதல் பயணத்திலேயே சக்கரம் கழன்றது, போய் நின்றால் "இது எங்க கடைச் சரக்கு இல்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. குறையுள்ள சேவைக்கான பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது, பில்லில் கெடு எதுவும் எழுதாவிட்டால் 30 நாளுக்குள் தந்தாக வேண்டும்.

ரசீது இல்லையே என்று கலங்க வேண்டாம். போஸ்டர், வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே பதிவு மூன்றும் சாட்சி, எதையும் அழித்துவிடாதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகாரைப் பதியுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. நாலு பேரும் சேர்ந்தே போங்கள்.

கே: பக்கத்து நாடுதானே, ஆதார் போதுமா? — மன்னார்குடி

ப: போதாது. பாஸ்போர்ட் வேண்டும்.

கே: இலங்கை விசாவுக்கு கூகுளில் முதலில் வந்த தளத்தில் பணம் கட்டினேன். பிறகுதான் அது அரசுத் தளம் இல்லை என்று தெரிந்தது. — மயிலாடுதுறை

ப: அரசுத் தளம் போலவே நிறம், சின்னம் எல்லாம் வைத்து ஏமாற்றுகிறார்கள், வருத்தமாக இருக்கிறது. உடனே வங்கியில் சொல்லுங்கள், சைபர் குற்ற உதவி எண் 1930-லும் புகார் கொடுங்கள். இலங்கை அரசின் தளம் ஈடிஏ டாட் கவ் டாட் எல்கே (eta.gov.lk). முகவரியை நீங்களே எழுத்தெழுத்தாக அடியுங்கள், விளம்பரத்தைத் தொடாதீர்கள்.

கே: யாழ்ப்பாணத்தில் ஆட்டோக்காரர் மூவாயிரம் ரூபாய் என்றார். நம் காசு மூவாயிரம் கொடுத்துவிட்டேன். புகார் செய்யலாமா? — கும்பகோணம்

ப: யார் மேல் புகார்? அவர் அவர் நாட்டு ரூபாயில் விலை சொன்னார். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் வரும். இன்னொரு நாட்டுக்குப் போகும்போது மாற்று விகிதத்தைக்கூடப் பார்க்காமல் போனால் எந்த ஆணையமும் உதவாது. 2024 பிப்ரவரியிலிருந்து அங்கே கியூஆர் உள்ள கடைகளில் நம் யுபிஐ செல்லும். புறப்படும் முன் செயலியில் வெளிநாட்டுப் பரிமாற்றத்தை இயக்கிக்கொள்ளுங்கள்.

கே: அங்கே வளையல் வாங்கிக் கையில் போட்டுக்கொண்டு வந்தால் சுங்கம் கேட்க மாட்டார்களாமே? — வேளாங்கண்ணி

ப: கேட்பார்கள். நகைச் சலுகை ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்குத்தான், சுற்றுலாப் பயணிக்கு இல்லை. இங்கிருந்து சொந்த நகை நிறையப் போட்டுக்கொண்டு போவதாக இருந்தால், கிளம்பும்போதே சுங்கத்தில் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: என்ன வாங்கலாம்? — தஞ்சாவூர்

ப: தேயிலையில் வாள் பிடித்த சிங்க முத்திரையைப் பாருங்கள். அது இருந்தால் முழுக்க இலங்கைத் தேயிலை, அங்கேயே பொட்டலம் கட்டியது. பட்டை வாங்கினால் மெல்லிய தோல்கள் பல அடுக்காகச் சுருட்டு போல இருக்க வேண்டும். 'சிலோன் பட்டை' என்று இங்கே ஒரு கடையில் எனக்குக் கூடுதல் விலைக்குத் தந்தது தடித்த ஒற்றைச் சுருள், அது காசியா என்ற வேறு வகைப் பட்டை. புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), பனங்கட்டி தாராளமாக வாங்குங்கள். நீலக்கல் என்று தெருவில் காட்டினால் நின்றுகூடப் பார்க்க வேண்டாம்.

கே: கறுத்தக்கொழும்பான் மாங்கன்று கொண்டுவரலாமா? — வேதாரண்யம்

ப: இறக்குமதி அனுமதியும் பயிர்நலச் சான்றும் இல்லாமல் கூடாது. பழத்தை அங்கேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.