விடுமுறைக்கு முன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்தால் தாத்தா பாட்டிக்குப் பாதுகாப்பா? எத்தனை நாள் வேண்டும்?

கேள்வி இது: 2020 டிசம்பரில் இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனியில் பல பெற்றோர் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சில நாள் முன்பே பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். பெரியவர்களைப் பார்க்கப் போகும் முன் அப்படிச் செய்ததில் உண்மையிலேயே பயன் இருந்ததா? இன்னொரு தொற்று வந்தால் எப்படிச் செய்வது?

பயன் உண்டு, நாளைச் சரியாக எண்ணி, வீடு முழுவதும் சேர்ந்து செய்தால். பள்ளியை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதெல்லாம் வழக்கம்போல் நடந்தால், பிள்ளைக்குப் பாடம் போனதுதான் மிச்சம்.

முதலில் கணக்கு. பிள்ளை கடைசியாக வகுப்பில் உட்கார்ந்த நாளை 0 என்று வையுங்கள். பெரியவர்களோடு ஒரே அறையில் உட்காரப்போகும் நாள் எத்தனையாவது நாள் என்று எண்ணுங்கள். விடுமுறை எப்போது தொடங்குகிறது என்பது இந்தக் கணக்கில் வராது. பாட்டி வீட்டுக் கதவைத் தட்டும் நாள்தான் முக்கியம்.

2020இல் டிசம்பர் 25 வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் பெரும்பாலான பள்ளிகள் 18ஆம் தேதி வெள்ளி வரை நடந்தன. இடையில் 7 நாள். ஆனால் 23 முதல் 27 வரை மூன்று குடும்பங்கள் ஒன்றுசேரலாம் என்று அரசு முதலில் சொல்லியிருந்ததால், பலர் 23ஆம் தேதியே கிளம்பத் திட்டமிட்டார்கள். அப்படியானால் 5 நாள்தான். அன்று பரவிய கொரோனாவில், தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியச் சராசரியாக 5 நாள் ஆனது. சிலருக்கு 14 நாள் வரை போனது. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே மற்றவருக்குப் பரவத் தொடங்கிவிடும், அறிகுறி தெரியும் நேரத்தை ஒட்டித்தான் அது உச்சத்தில் இருக்கும். 18ஆம் தேதி மதியம் பக்கத்து இருக்கைப் பிள்ளையிடமிருந்து வாங்கிக்கொண்ட குழந்தை, 23ஆம் தேதி நன்றாக ஓடியாடிக்கொண்டு, அதே சமயம் மிக அதிகமாகப் பரப்பும் நிலையில் பாட்டி மடியில் போய் உட்காரும். ஐந்து நாள் இடைவெளி நல்லது போலத் தோன்றும். கடைசி நாளில் தொற்றிய பிள்ளைக்கோ அதுதான் மிக மோசமான நாள்.

11ஆம் தேதி வெள்ளியோடு நிறுத்தியிருந்தால்? 23க்கு 12 நாள், 25க்கு முழுதாக 14 நாள். போவது ஐந்தே பள்ளி நாள். அந்தக் கடைசி வாரத்தைத்தான் பெற்றோர் கேட்டார்கள். பயத்தில் கேட்டது இல்லை, நாட்காட்டியைப் பார்த்துக் கேட்டது. டிசம்பர் 14ஆம் தேதி இங்கிலாந்தே தொடர்பில் இருந்தவர்களுக்கான தனிமைக் காலத்தை 14 நாளிலிருந்து 10 ஆகக் குறைத்தது. ஆகவே 10 நாள் என்பது நியாயமான இலக்கு. பெரியவருக்குப் புற்றுநோய் சிகிச்சை, சிறுநீரக மாற்று போன்றவை இருந்தால் 14ஐப் பிடித்துக்கொள்வதே சரி.

பிரான்ஸ் வேறு மாதிரி முடிவெடுத்தது. முடிந்தவர்கள் 17, 18 ஆகிய இரண்டு நாள் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம், அந்த வராமையை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று பிரதமர் ழான் காஸ்டெக்ஸ் டிசம்பர் 15 காலையில் சொன்னார். பெரியவர்களைப் பார்க்கும் முன் 8 நாள் ஒதுங்கியிருக்கலாம் என்று அறிவியல் குழு சொன்ன ஆலோசனை அதற்குப் பின்னால் இருந்தது. புதன் 16 கடைசி நாள், 24 இரவு விருந்து: சரியாக 8. அங்கே பல ஊர்களில் தொடக்கப்பள்ளிக்குப் புதன்கிழமை வகுப்பே கிடையாது, அவர்களுக்கு 9 ஆகிவிடும். கணக்கு சரிதான். ஆனால் வேலைக்குப் போகும் தாய் தகப்பனுக்கு இரண்டு நாள் அவகாசத்தில் ஏற்பாடு செய்யச் சொன்னது பெரிய சிரமம்.

ஜெர்மனிதான் இதைக் கொஞ்சம் முன்கூட்டி யோசித்தது. விடுமுறைத் தொடக்கத்தை 19ஆம் தேதிக்கு முன்னுக்கு இழுப்பதாக நவம்பர் 25ஆம் தேதியே மத்திய அரசும் மாநிலங்களும் முடிவு செய்தன. பிறகு தொற்று ஏறியதால் 16ஆம் தேதியிலிருந்து பள்ளிகளை மூடவோ, நேரில் வந்தே ஆகவேண்டும் என்ற விதியைத் தளர்த்தவோ செய்தார்கள். நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் 14ஆம் தேதி முதல், ஏழாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை அனுப்புவதா வேண்டாமா என்பதைப் பெற்றோரிடமே விட்டார்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் வீட்டிலிருந்தே பாடம். பள்ளிக் கதவு திறந்திருக்கிறது, வேண்டாதவர் வரவேண்டாம். என் பார்வையில் இதுவே நல்ல ஏற்பாடு. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைக்கும் இடம் இருக்கிறது, வகுப்பறையிலும் கூட்டம் குறைகிறது.

இங்கிலாந்தில் அந்த வழி இல்லை. 2020 செப்டம்பரிலிருந்து வருகை மறுபடி கட்டாயம். வேல்ஸ் டிசம்பர் 14 முதல் மேல்நிலைப் பள்ளிகளை இணையவழிக்கு மாற்றியது. லண்டனில் கிரீனிச் மாநகரக் குழு அதே மாதிரி செய்யப் பார்த்தபோது, கல்வி அமைச்சர் கேவின் வில்லியம்சன் கொரோனா வைரஸ் சட்டத்தின் கீழ் உத்தரவு போட்டு 15ஆம் தேதிக்குள் பின்வாங்க வைத்தார். பெற்றோர் தாமாகவே நிறுத்தினால் வருகைப் பதிவேட்டில் அனுமதியில்லாத வராமை. கொரோனாவுக்கென்று எக்ஸ் என்று ஒரு குறியீடு இருந்தது. அது தொற்று இருப்பவர், தொடர்பில் இருந்தவர் போன்றோருக்குத்தான், முன்னெச்சரிக்கையாக நிற்பவருக்கு இல்லை. அபராதம் போட்டால் அப்போது பிள்ளை ஒன்றுக்கு, பெற்றோர் ஒருவருக்கு 60 பவுண்டாக இருந்தது. 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 120. இரண்டு பிள்ளை, இரண்டு பெற்றோர் என்றால் 240இல் தொடங்கியது. அபராதம் போடுவதா என்பது பள்ளியும் உள்ளாட்சியும் எடுக்கும் முடிவு, தானாக வந்துவிடாது.

இந்த இடத்தில் இரண்டு வழிகளைத் தவிர்க்கச் சொல்வேன். ஒன்று, இருமல் என்று பொய் சொல்வது. கொரோனா அறிகுறி என்று சொன்ன உடனே, சோதனை முடிவு வரும் வரை வீடு முழுவதும் ஒதுங்கவேண்டும் என்பது அன்றைய விதி. அண்ணன் தங்கை பள்ளிக்குப் போகமுடியாது, அப்பா வேலைக்குப் போகமுடியாது, உண்மையிலேயே நோய் இருப்பவருக்குப் போகவேண்டிய ஒரு சோதனையும் வீணாகும். இரண்டாவது, வீட்டுக்கல்வி என்று எழுதிக்கொடுத்துப் பெயரை நீக்கிவிடுவது. ஜனவரியில் திரும்பிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். பெயர் நீங்கினால் இடமும் போகும். காத்திருப்போர் பட்டியல் இருக்கும் பள்ளியில் அடுத்த வாரமே அந்த நாற்காலியில் வேறு பிள்ளை உட்கார்ந்திருக்கும்.

தலைமை ஆசிரியருக்கு நேர்மையாக எழுதுவதே மேல். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வீட்டில் அல்லது பார்க்கப்போகும் வீட்டில் யாருக்கு என்ன உடல்நிலை, பிள்ளை அந்த நாட்களில் என்ன படிக்கும், பதிவேட்டில் எப்படிக் குறிப்பீர்கள் என்று நான்கு வரி போதும். மருத்துவரின் கடிதம் இருந்தால் இணையுங்கள். ஒரு வாரம் முன்பே கொடுங்கள். முந்தின நாள் இரவு பத்து மணிக்குப் போகும் மின்னஞ்சலை யாரும் பொறுமையாகப் படிப்பதில்லை. இப்படித் தாமாக நிற்கும் பிள்ளைக்குப் பாடம் அனுப்பப் பள்ளிக்குக் கடமை இல்லை என்பதால், வெள்ளியன்றே புத்தகங்களையும் பயிற்சித் தாள்களையும் பையில் போட்டு வரச் சொல்லுங்கள். இலவச மதிய உணவு வாங்கும் பிள்ளை என்றால், அந்த ஐந்து வேளைச் சாப்பாட்டுக்கும் நீங்கள்தான் வழி பார்க்கவேண்டும். இதை முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

இனி வீடு. இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பள்ளிக்கு அனுப்பாத பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியையே கூப்பிடுவது. யாரைக் காப்பாற்ற இத்தனை பாடும் படுகிறோமோ, அவரையே முதல் நாளில் கொண்டுவந்து உட்காரவைக்கிறோம். பெற்றோரில் ஒருவருக்காவது வீட்டிலிருந்து வேலை, அல்லது விடுப்பு. இரண்டும் இல்லையென்றால் பிள்ளை பள்ளிக்குப் போகட்டும், பாட்டியைப் பார்ப்பதைத் தள்ளிவையுங்கள்.

அடுத்து, ஒரு வீட்டில் ஓட்டை எத்தனை என்று பாருங்கள். பிள்ளை நின்றுவிட்டது, அக்கா இன்னும் கல்லூரிக்குப் போகிறாள். அப்பா கிடங்கில் இரவு வேலை. டியூஷன், நீச்சல், முடிவெட்டு, சனிக்கிழமைக் கடைவீதி. வெளியே கடைசியாக யார் என்றைக்குப் போனாரோ, அந்த நாள்தான் வீட்டுக்கே 0. சாமான்களை முன்கூட்டி வாங்கிவையுங்கள். வேலையை நிறுத்தமுடியாதவர் பெரியவர்களைப் பார்க்கப் போகும் பயணத்தில் சேராமல் இருப்பது, கேட்கக் கஷ்டமாக இருந்தாலும், சரியான தீர்வு.

வீட்டுக்குள்ளேயே நடக்கும் சங்கிலி ஒன்று உண்டு. பிள்ளைக்கு 0ஆம் நாள் தொற்றுகிறது. அறிகுறியே இல்லை, பிள்ளைகளிடம் இது சகஜம். 4ஆம் 5ஆம் நாளில் அம்மாவுக்குப் போகிறது. அம்மா 8ஆம் நாளிலிருந்து பரப்பத் தொடங்குவார். பத்தாம் நாள் பாட்டி வீட்டில் பிள்ளையால் ஆபத்து குறைந்திருக்கலாம், அம்மாவால் உண்டு. அதனால் சோதனை என்றால் வீட்டில் எல்லோருக்கும்தான்.

சோதனையை எப்போது எடுப்பது என்பதிலும் அவசரம் கூடாது. 2020இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் கணக்கிட்டபடி, தொற்றியவருக்கே பிசிஆர் தவறாக ‘இல்லை’ என்று காட்டும் வாய்ப்பு முதல் நாளில் 100 சதவீதம், 4ஆம் நாளில் 67, 5ஆம் நாளில் 38, 8ஆம் நாளில் 20. பள்ளி விட்ட மறுநாளே எடுத்த சோதனைத் தாளைக் காட்டி நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை. 7, 8ஆம் நாளில் எடுங்கள். அப்போதும் ஐந்தில் ஒன்று தப்பும். ஆகவே சோதனை தனிமைக்குத் துணையாகத்தான் நிற்கும், அதற்குப் பதிலாக ஆகாது. பிறகு பரவலாகக் கிடைத்த வீட்டுச் சோதனைக் கருவி அன்றைக்குப் பரப்பும் நிலையில் இருக்கிறோமா என்பதைத்தான் சொல்லும். முந்தின இரவில் வேண்டாம், கிளம்பும் முன் எடுங்கள். அட்டையில் போட்டிருக்கும் நேரத்துக்கு முன்னும் பார்க்காதீர்கள், பின்னும் பார்க்காதீர்கள். சிலது 15 நிமிடம், சிலது 30. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் மங்கலான இரண்டாவது கோடும் கோடுதான். அன்று பயணம் இல்லை.

மூன்று தலைமுறை ஒரே வீட்டில் இருக்கும் குடும்பங்கள், லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் எத்தனையோ தமிழ் வீடுகள் அப்படித்தான், விடுமுறைக்கு முந்தைய வாரத்தை மட்டும் நம்பக்கூடாது. அம்மம்மா தினமும் அதே சமையலறையில்தான் நிற்கிறார். அவர்களுக்குப் பருவம் முழுவதும் காற்றோட்டம், தனிப் படுக்கை, சாப்பாட்டு நேரத்தைப் பிரிப்பது, பள்ளியிலிருந்து வந்த பிள்ளை அவர் அறையில் முகக்கவசம் போடுவது, இவைதான் உதவும்.

2021 டிசம்பரில் நெதர்லாந்து தொடக்கப்பள்ளிகளையும், பெல்ஜியம் மழலையர் பள்ளியோடு தொடக்கப்பள்ளிகளையும் ஒரு வாரம் முன்பே மூடின. ஒமிக்ரானுக்கு அறிகுறி வரச் சராசரியாக 3 நாள்தான் ஆனது. அதே 7 நாள் அந்த ஆண்டு கூடுதலாகப் பலன் தரும். ஆகவே எண்களை மனப்பாடம் செய்யாதீர்கள். புதுத் தொற்று வந்தால் அறிகுறி தெரியச் சராசரியாக எத்தனை நாள், அதிகபட்சம் எத்தனை நாள், அறிகுறிக்கு முன்பே பரவுமா என்ற மூன்றையும் கேட்டுக்கொண்டு, அதன்படி நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணுங்கள்.

ஆறாம் நாளில் யாருக்காவது தொண்டை கரகரத்தால் எண்ணிக்கை அன்றோடு நின்றது. ‘லேசான சளிதான்’ என்று கிளம்பவேண்டாம். இப்படி நடக்கலாம் என்று பெரியவர்களிடம் முன்பே பேசிவைத்து, ஜனவரியில் ஒரு மாற்றுத் தேதியும் சொல்லிவைத்தால், அன்று தொலைபேசியில் ‘வரவில்லை’ என்று சொல்வது இரு பக்கமும் அவ்வளவு கனக்காது.