நாய்க்கு வலிப்பு: கருவாடும் சாவிக்கொத்தும்

கால்நடை மருத்துவராகப் பணிசெய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், மருந்தில்லாமல் நாயின் வலிப்பைச் சமாளிப்பது குறித்து இராமநாதபுரம் மாவட்ட ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்கள் இவை.

பாம்பன்: மாத்திரையை நிறுத்திவிட்டுத் தேங்காய் எண்ணெய் கொடுக்கலாமா?

நிறுத்தக் கூடாது. பீனோபார்பிட்டோன் என்னும் வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், முன்னைவிடக் கடுமையான வலிப்பு அடுத்தடுத்து வரும். எண்ணெயைப் பற்றிய பேச்சுக்கு ஓர் அடிப்படை உண்டு. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு (தேங்காய் எண்ணெயிலும் உள்ள ஒரு கொழுப்பு வகை) கலந்த உணவை 21 நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. பல நாய்களுக்கு வலிப்பு குறைந்தது. ஆனால் அந்த நாய்கள் அனைத்தும் மருந்தையும் சேர்த்தே உட்கொண்டன. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம் என்னும் கொழுப்பு. ஆய்வில் முதன்மையாகப் பயன்பட்ட கொழுப்புகள் அதில் குறைவு. கரண்டி கரண்டியாக ஊற்றினால் கணையம்தான் வீங்கும்.

கீழக்கரை: வலிப்பின்போது சாவிக்கொத்தை வாயில் வைக்கலாமா?

வேண்டாம். பல் உடையும், உங்கள் விரலும் கடிபடும்.

தேவிபட்டினம்: புரோமைடு என்னும் வலிப்பு மருந்தில் எட்டு மாதம் நன்றாக இருந்த நாய்க்கு மே மாதக் கடைசியில் மீண்டும் வலிப்பு வந்தது. மீன் கிடைக்காததால் இப்போது கருவாட்டுச் சோறுதான் போடுகிறோம். வேறு மருந்துக்கு மாற வேண்டுமா?

உங்கள் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் நம் கரையோர வீடுகளில் நாயின் தட்டிலும் கருவாடு ஏறிவிடுகிறது. உப்பில் உள்ள குளோரைடையும் மருந்தில் உள்ள புரோமைடையும் சிறுநீரகம் ஏறக்குறைய ஒன்றாகவே நடத்துகிறது. உப்பு மிகுந்து வரும்போது அதை வெளியேற்றும் வேகத்தில் மருந்தையும் சேர்த்து வெளியேற்றிவிடுகிறது. நாயின் உடலில் புரோமைடு பாதியாகக் குறையவே சாதாரணமாக மூன்று வாரங்களுக்கு மேல் ஆகும் என்பதால், இன்று போட்ட கருவாட்டின் விளைவு நாளைக்கே தெரியாது. சில வாரங்கள் கழித்து, காரணமே இல்லாததுபோல் வலிப்பு வந்து நிற்கும். இதன் மறுபக்கமும் உண்டு. வலிப்பு வந்ததென்று மருந்தளவைக் கூட்டிவிட்டு, பின்னர் உப்பைச் சட்டென்று நிறுத்தினால், மருந்து உடலில் தேங்கி, நாய் பின்னங்கால் தள்ளாடி உறங்கிக்கொண்டே கிடக்கும். ஆகவே மருந்தை மாற்றுவதற்கு முன், இரத்தத்தில் புரோமைடின் அளவைப் பார்க்கச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கருவாட்டு விவரத்தையும் கூறுங்கள். கடற்கரையில் அவிழ்த்துவிடும்போது கடல்நீரைக் குடிக்க விடாதீர்கள்.

தொண்டி: மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகைக் கஷாயம் கொடுக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

மீண்டும் கீழக்கரை: எங்கள் தாத்தா காலத்திலிருந்து இரும்பு கொடுத்தவுடன் நிற்கிறதே, கண்ணால் கண்டதைப் பொய் என்கிறீர்களா?

கண்டது மெய், காரணம்தான் வேறு. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கும். நீங்கள் சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள் அந்த நேரம் கழிந்துவிடுகிறது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தால் பெருமை காகத்துக்கா? அடுத்த முறை சாவிக்குப் பதில் கடிகாரத்தை எடுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாவது முறை வந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

சாயல்குடி: கீழக்கரைக்காரர் சொல்வது சரிதான், நாங்கள் சின்ன வெங்காயச் சாற்றை மூக்கில் விடுவோம்.

சாறு நுரையீரலுக்குள் போகும்; வெங்காயமோ நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கற்பூரத் தைலமும் தடவாதீர்கள். கற்பூரமே வலிப்பைத் தூண்டக்கூடியது. சாவியே தேவலாம் என்று எழுத வைத்துவிட்டீர்கள்.

மண்டபம்: குட்டி போட்டு மூன்று வாரமான தாய் நாய் காலையிலிருந்து விறைத்து நடுங்குகிறது.

இது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. குட்டிகளைப் பிரித்துவிட்டு இப்போதே கொண்டுசெல்லுங்கள். பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஏர்வாடி: மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?

நீங்களாக, ஒருபோதும் இல்லை.

மீண்டும் தேவிபட்டினம்: கருவாட்டை மூன்று முறை கழுவிப் போட்டால் போதுமா?

போதாது. கழுவிய பின்னும் முள்ளோரத்துச் சதையை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். அதுவும் ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் அளவில் கரிக்கும். நடுவில் மருந்தளவைக் கூட்டவில்லையென்றால், படகுகள் கடலுக்குப் போகும் வரை உப்பிடாத அவித்த முட்டையும் சோறும் போடுங்கள்.