வகுப்பு முழுவதும் ஒரே டொக்ஸில் எழுதலாமா?

கேள்வி: மட்டக்களப்புப் படுவான்கரையில் தரம் 10க்குத் தமிழ் படிப்பிக்கிறேன். வட்டை, களவெட்டி, சூடு, பொலி என்று நம் வயல் சொற்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லி, முப்பது பிள்ளைகளுக்கும் ஒரே கூகுள் டொக்ஸ் லிங்கை அனுப்பினேன். இரண்டாம் நாளே யாரோ பாதியை அழித்துவிட்டார்கள். யார் எதை எழுதியது என்றும் தெரியவில்லை. பலருக்கு அப்பாவின் போன்தான், டேட்டாவும் குறைவு. தொடரலாமா?

பதில்: கட்டாயம் தொடருங்கள், டீச்சர். அழிந்தது எங்கும் போய்விடவில்லை. கணினியில் அந்த டொக்ஸைத் திறந்து, ஃபைல் மெனுவில் ‘வேர்ஷன் ஹிஸ்டரி’யைப் பாருங்கள். எந்த நேரத்தில் என்ன மாறியது என்று நிறம் நிறமாகத் தெரியும். ஆனால் அவசரப்பட்டு ‘ரிஸ்டோர்’ அழுத்த வேண்டாம். அது முழு டொக்ஸையும் பழைய பதிப்புக்கே கொண்டுபோய்விடும். அழிந்த பிறகு மற்றப் பிள்ளைகள் எழுதியதும் அதோடு மறைந்துவிடும். பழைய பதிப்பில் இருந்து அழிந்த பகுதியை மட்டும் கொப்பி எடுத்து ஒட்டுங்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். சின்னத் திரையில் விரல் பட்டாலே ஒரு பந்தி போய்விடும். லிங்க் கிடைத்த எவரும் திருத்தலாம் என்று விட்டதுதான் சிக்கல். கணக்கில் நுழையாமல் எழுதுபவர் பெயரில்லாமலேதான் பதிவாவார்.

ஐந்து பேருக்கு ஒரு டொக்ஸ் என்று ஆறாகப் பிரியுங்கள். குழுவில் உள்ளவர்களை ஜிமெயில் முகவரி கொடுத்துச் சேர்த்து ‘எடிட்டர்’ ஆக்குங்கள். மற்றக் குழுக்களுக்கு ‘கொமென்டர்’ அனுமதி போதும். அவர்களால் எதையும் அழிக்க முடியாது, கருத்தும் திருத்த யோசனையும் சொல்லலாம். அப்பாவின் கணக்கில் வருபவருக்காக, எந்தக் கணக்கு யாருடையது என்று முதல் பக்கத்திலேயே ஓர் அட்டவணை போடுங்கள்.

என்னைக் கேட்டால், இந்த வேலையின் உயிரே அந்தக் கொமென்ட்தான். ‘பொலி’ என்ற சொல்லுக்கு ஒரு பிள்ளை விளக்கம் எழுதுகிறாள். அடுத்த ஊர்ப் பிள்ளை, “எங்கட அப்பப்பா வேற மாதிரிச் சொல்றார்” என்று பக்கத்தில் குறிக்கிறான். இரண்டு பேரும் திரும்பவும் வீட்டில் போய்க் கேட்கிறார்கள். கொப்பியில் எழுதி உங்கள் மேசைக்கு வந்தால் இது நடக்குமா? அந்தக் கருத்துகளை நீங்கள் உடனே தீர்த்துவைக்காமல் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள்.

டேட்டாவுக்கு ஒரு வழி உண்டு. போனில் டொக்ஸ் செயலியைப் போட்டு, பாடசாலையில் இணைப்பு இருக்கும்போதே அந்த டொக்ஸை ஓஃப்லைனுக்கு எடுத்துவைக்கச் சொல்லுங்கள். வீட்டில் டேட்டா இல்லாமலே எழுதலாம், இணைப்பு வந்ததும் தானாகச் சேரும். ஒரே பந்தியை இரண்டு பேர் இப்படித் திருத்தினால் கலந்துவிடும் என்பதால், ஒவ்வொருவருக்கும் தனித் தலைப்புப் பிரித்துக்கொடுங்கள்.

அப்புறம், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய குறிப்புகளை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். யுனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒட்டுங்கள்.